மீராமுகைதீனின் கொளுவி முறை

மீராமுகைதீன் ஓய்வுபெற்ற வாரமே திருந்திவிடுவது என்று முடிவு செய்தார். அவரிடம் பெரிய கெட்ட பழக்கம் எதுவும் இருந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்ல பழக்கம் எதுவும் இருந்ததாகவும் சொன்னதில்லை. முப்பத்துமூன்று வருடங்கள் ஓர் அரச அலுவலகத்தின் பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கேட்பவர்களுக்குக் கோப்பை எடுத்துக் கொடுப்பதும், போன கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை என்று கடிதம் எழுதுவதும்தான் வேலை. முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், இறுதி நினைவூட்டல் என்று திகதி தவறாமல் எழுதுவார். வீட்டில் அவருக்கு எதையும் மனைவி கைருன்னிஸாதான் நினைவூட்ட வேண்டும்.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் எங்கள் குறுக்கு வீதியில் அவருக்குத் 'திங்கட்கிழமை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எதைத் தொடங்குவதென்றாலும் வருகிற திங்கட்கிழமையிலிருந்து என்பார். ஒரு திங்கட்கிழமை நடைப்பயிற்சி தொடங்கினார். அதற்கென்று பஸாரில் வெள்ளைச் சப்பாத்து வாங்கினார். மூன்றாம் நாள் சப்பாத்து கடிக்கிறது என்று பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தார். இன்னொரு திங்கட்கிழமை முப்பது நாளில் சிங்களம் படிக்கும் புத்தகத்தைத் திறந்தார். நான்காம் நாளோடு அச்சு சரியில்லை என்று மூடினார். இருபது சாடிகளில் மிளகாய்க் கன்று வைத்தார். பதினொன்றை அடுத்த வளவு ஆடுகள் தின்றன. மீதி ஒன்பதும் தண்ணீர் இல்லாமல் காய்ந்தன. ஊரில் கேட்டால் இருபதையும் ஆடு தின்றதாகத்தான் சொல்வார். எந்த முயற்சி கெட்டாலும் அதற்கு ஓர் எதிரி இருக்கும். சப்பாத்து, அச்சுக்காரன், ஆடு. எதுவும் அகப்படாவிட்டால், தன்னை எழுப்பிவிடாத கைருன்னிஸா.

அறுபத்தொரு வயதில் அவருடைய இடது காலில் ஒரு சிறிய புண் வந்தது. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தத்தில் சீனி இருநூற்று எண்பத்தாறு என்றார்கள். காலையும் இரவும் சாப்பாட்டோடு போடக் குளிசை கொடுத்தார்கள். நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சீனி வருத்த கிளினிக் ஆண்களுக்கு வியாழன், பெண்களுக்குச் செவ்வாய். அவர் வியாழக்கிழமைகளில் போய் வந்தார். புண் எப்படியோ ஆறிவிட்டது. சீனி மட்டும் இறங்கவில்லை.

மூன்றாவது கிளினிக்கில் அட்டையைப் பார்த்த தாதி கஜேந்தினி தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"குளிசை போடுறீங்களா, ஐயா?"

"போடுறன்."

"ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஞாபகம் வந்தா ஒழுங்காத்தான் போடுறன், மிஸ்."

கஜேந்தினி திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை. நிதானமாகக் கதைப்பாள். "ஞாபகத்த நம்பாதீங்க ஐயா. ஒரு நாளும் விடாமச் செய்யிற வேலை ஒண்டு எல்லாருக்கும் இருக்கும். தேத்தண்ணி குடிக்கிறது, பேப்பர் பாக்கிறது, அப்பிடி என்னவும். குளிசைய அதோட சேர்த்துக் கொளுவி விடுங்க. அது வரக்குள்ள இதுவும் வந்திடும்" என்றாள். அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இந்தப் புத்திக்கு அவள் செலவழித்தது அரை நிமிடம்தான்.

மீராமுகைதீன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று பக்கங்களில் எழுதினார்.

முதலில், தான் ஒரு நாளும் விடாமல் செய்கிற வேலைகள் எவை என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கொப்பியும் பேனாவுமாக மூன்று நாட்கள் தன்னைத் தானே பின்தொடர்ந்தார். கிடைத்த விடை அவ்வளவு கௌரவமானதாக இல்லை. காலையில், பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு வீதி வீதியாக வரும் ஓட்டோவின் மெட்டு வீதி முனையில் கேட்டதும், எந்த நிலையில் இருந்தாலும் எழும்பி வளவு வாசலில் கடப்படிக்குப் போகிறார். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றுகிறார். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் சரீபின் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்து, அங்கே வராதவர்களைப் பற்றிக் கதைக்கிறார். இரவு தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிறார். அறுபத்தொரு வருட வாழ்க்கையில் ஆடாமல் அசையாமல் நின்றவை இந்த நான்கும்தான்.

அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மேலே 'சுற்றறிக்கை இல. 1' என்று சிவப்பு மையில் எழுதி, அடிக்கோடும் இழுத்திருந்தார். பாண் ஓட்டோவின் மெட்டுக் கேட்டதும் காலைக் குளிசை. பள்ளியில் செருப்பைக் கழற்றியதும் உள்ளங்கால் பரிசோதனை. அஸர் முடிந்து ஸலாம் கொடுத்ததும் நடை. செய்தித் தொடக்க இசையோடு இராச்சாப்பாடும் இரவுக் குளிசையும். இத்தால் சகலருக்கும் அறியத்தருவதாகக் கீழே கையெழுத்து. வீட்டில் இருந்த சகலரும் கைருன்னிஸா ஒருத்திதான். ஒரே மகன் அப்ராஸ் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்து, மனைவி வீட்டோடு போய்விட்டான்.

கைருன்னிஸா மீன் கழுவிய கையோடு வந்து வாசித்தாள்.

"இதுல நான் என்ன செய்யணும்?"

"நீ ஒண்டும் செய்யத் தேவல்ல புள்ள. எல்லாம் தானா நடக்கும். அதுதான் இந்த முறைட விசேசம்."

"அப்ப நல்லம்" என்றுவிட்டு அவள் மீனுக்குத் திரும்பிப் போனாள்.

தானாகத்தான் நடந்தது. காலை ஆறே முக்காலுக்கு மெட்டுக் கேட்கும். மீராமுகைதீன் சாரத்தை இறுக்கிக்கொண்டு கடப்படிக்கு வருவார். ஒரு கையில் குளிசையும் மறு கையில் தண்ணீர்க் கிளாசுமாகக் கைருன்னிஸா அங்கே வந்து நிற்பாள். முதல் நாள் அவர் உள்ளே திரும்பிப் பார்த்து, "குளிசை எங்க?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் கேட்கத் தேவை வரவில்லை. வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்பதால் பாண்காரர் தம்பிமுத்துவின் ஓட்டோவிலிருந்து ஒரு கிம்புலா பணிஸ் எடுப்பார். முதலை வடிவில் நீட்டிச் சுருட்டி, மேலே சீனி தூவிய பணிஸ். சீனி வருத்தக் குளிசையை அந்தப் பணிஸோடு விழுங்குவார். விழுங்கிவிட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு சரி போடுவார்.

பத்தொன்பது சரிகள் தொடர்ந்து விழுந்தன. அவருடைய வாழ்க்கையில் எதுவும் பத்தொன்பது நாள் நின்றதில்லை. இருபதாம் நாள் அவர் ஒரு நோயாளியாக இருப்பதை விட்டுவிட்டு அறிஞராகிவிட்டார்.

சரீபின் கடையில் அவருடைய முதல் விரிவுரை நடந்தது. அஸருக்குப் பிறகு நடை என்பது பள்ளிவாசல் வாசலிலிருந்து சரீபின் கடை வரைக்கும், ஏறக்குறைய நூற்றிருபது அடி. அந்த நடையை முடித்து உட்கார்ந்து, "மனிசன்ட மூளை ஒரு சுவர். பழைய பழக்கம் அதுல அடிச்ச ஆணி. புதுப் பழக்கத்த அந்த ஆணியில கொண்டுபோய்க் கொளுவணும்" என்று தொடங்கினார். கஜேந்தினியின் பெயர் அதில் வரவில்லை. எங்கள் ஊரில் கொளுவுதல் என்றால் சட்டையை ஆணியில் மாட்டுவது; வலியப் போய்ச் சண்டைக்கு நிற்பதும் கொளுவுதல்தான். "காக்காட முறை எந்தக் கொளுவல்?" என்று, மூத்தவர்களை எங்கள் ஊர் அழைக்கிறபடி அழைத்துச் சரீப் கேட்டான். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மீராமுகைதீன் சிரிக்கவில்லை. அன்றைக்கே 'கொளுவி முறை' என்று வட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, சிரித்தவர்கள் அத்தனை பேரையும் அதில் சேர்த்துவிட்டார்.

குழுவில் எழுபது பேர் சேர்ந்தார்கள். காலையில் அவர் போடும் அறிவுரைக்கு அறுபது பேர் பூப்படம் அனுப்புவார்கள். சம்மாந்துறையில் நெல் ஆலை வைத்திருந்த கலந்தர் மட்டும் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் மனைவிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வது என்று கொளுவினார். முதல் நாள் கறி நல்லம் என்றார். இரண்டாம் நாள் உடுப்பு நல்லம் என்றார். மூன்றாம் நாள் அவர் வாயைத் திறக்க முன்னரே மனைவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆரு அவ?" என்று கேட்டாளாம். கலந்தர் குழுவைவிட்டு வெளியேறினார்.

பள்ளிவாசலிலும் ஒரு பிரச்சினை வந்தது. செருப்பைக் கழற்றியதும் மீராமுகைதீன் முதற்படியில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் பார்க்கத் தொடங்கினார்கள். தொழுகை தொடங்க இகாமத் சொல்லும் நேரத்தில் ஓடி வருகிறவர்கள் படியில் கொக்குகள் போல நிற்கும் இந்தக் கூட்டத்தில் மோதினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி நிருவாகத்தார் ஒலிவாங்கியில், கால்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வருமாறு ஜமாஅத்தாரைக் கேட்டுக்கொண்டார்கள். தன்னுடைய முறை பள்ளியின் மிம்பர் மேடை வரைக்கும் போய்விட்டது என்று மீராமுகைதீன் அன்று குழுவில் எழுதினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் வாசிகசாலை மண்டபத்தில் பேச்சு. பின்னால் பதாகை. 'வாழ்வியல் வளவாளர்' என்று அவருடைய பெயருக்கு முன்னால் போட்டிருந்தார்கள். போடச் சொன்னவர் அவர்தான். இந்த நிகழ்ச்சிக்கென்று ஒரு சிறிய ஒலிபெருக்கியும் வாங்கியிருந்தார். இருபத்தேழு பேர் வந்தார்கள். கைருன்னிஸா காலையிலிருந்து நின்று பொரித்த அறுபது ரோல்ஸும் முடிந்தன. நல்ல பழக்கம் யாருடைய உதவியும் இல்லாமல் தானாக ஓட வேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் பின்பக்கம் அவள் குனிந்து கிளாஸ்கள் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேச்சு முடிந்து இரண்டாம் நாள் பாண் ஓட்டோ வரவில்லை.

மீராமுகைதீன் ஏழரை வரைக்கும் கடப்படியில் நின்றார். கைருன்னிஸாவும் குளிசையோடு நின்றாள்.

"குடிங்களன்" என்றாள்.

"சத்தம் வரல்லியே."

"குளிசை இரிக்கி. தண்ணி இரிக்கி. ஒங்களுக்கு வாயும் இரிக்கி. சத்தம் என்னத்துக்கு?"

"அப்பிடிக் குடிச்சா முறை குழம்பிரும். ஒனக்கு இது விளங்காது."

அவள் கிளாசிலிருந்த தண்ணீரைச் செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் மெட்டும் இல்லை, கிளாசும் இல்லை. இரவுக் குளிசையும் அதோடு சேர்ந்து மறந்துபோனது. பாண்காரனின் பொறுப்பில்லாத தன்மையைப் பற்றி மீராமுகைதீன் குழுவில் நீளமாக ஒரு குறிப்பு எழுதினார். ஆறாம் நாள் தலை சுற்றியது. நாக்கு வறண்டு, குடித்த தண்ணீர் போதாமல் இன்னும் இன்னும் குடித்தார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்பில் இருந்த தம்பிமுத்துவின் வீட்டைத் தேடிப் போனார்.

தம்பிமுத்து வளவில் ஓட்டோவின் இயந்திரத்தைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். ஒரு சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், வர இன்னும் நான்கு நாளாகும் என்றார்.

"மெட்டுப் போடுற பெட்டி வேலை செய்யுதா?" என்று மீராமுகைதீன் கேட்டார்.

"ஓம். அதுக்கென்ன?"

"அத மட்டும் கொண்டு வந்து எங்கட வீதியில போட்டுட்டுப் போக ஏலாதா?"

தம்பிமுத்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "காக்கா, பாண் இல்லயெண்டு ஏசிக்கிட்டு ஆக்கள் வாறது சரி. சத்தம் இல்லயெண்டு வந்த ஆள் நீங்கதான்."

கடைசியில் அந்த மெட்டைக் கைபேசியில் பதிந்து கொடுத்தார். மீராமுகைதீனுக்குப் பெரிய ஆறுதல். பொல்லாத மனிதர்களிலும் ஓட்டோக்களிலும் தங்கியிராத தூய கொளுவி இனித் தன் கையிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தார்.

அடுத்த நாள் காலை ஆறே முக்காலுக்கு, வாசிகசாலைப் பேச்சுக்கு வாங்கிய ஒலிபெருக்கியைக் கடப்படி மதிலில் வைத்து மெட்டைப் போட்டார். குளிசையை உள்ளங்கையில் எடுத்தார்.

ஒரு வாரமாகப் பாண் இல்லாத வீதி அது. அடுத்த வீட்டு நதீரா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பையோடு ஓடி வந்தாள். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீதி முனையிலிருந்து சரீப், கடைக்கு இருபது பாண் வேண்டுமென்று கூடையோடு வந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் கடப்படியில் கூடிவிட்டார்கள். ஓட்டோவைக் காணவில்லை. மதிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மீராமுகைதீன் குளிசையும் கையுமாக நின்றார்.

"பாண் எங்க காக்கா?" என்று நதீரா கேட்டாள்.

"பாண் இல்ல. இது குளிசைக்குப் போட்ட சத்தம்."

நதீரா அடுப்பில் வைத்த தேத்தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். சரீப் கூடையைக் கீழே வைத்தான். "இதுக்குத்தான் அண்டைக்கே கேட்ட நான், எந்தக் கொளுவல் எண்டு" என்றான். இந்த முறை அவனும் சிரிக்கவில்லை. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அத்தனை பேர் முன்னிலையில் குளிசையை விழுங்குவதற்கு மீராமுகைதீனுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அங்கேயே அதை மறந்தும் போனார். மூன்று நாள் கழித்துச் சட்டை தோய்க்கும்போது கைருன்னிஸா கரைந்த வெள்ளை மாவாக அதைக் கண்டெடுத்தாள்.

அந்த வாரமே கிளினிக் வந்தது. காத்திருக்கிறவர்கள் உட்காரும் நீள வாங்கில் அவருக்குப் பக்கத்தில் அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீராமுகைதீன் பார்த்ததைக் கண்டுவிட்டு அவராகவே சொன்னார்: "சின்னப் புண்தான் தம்பி. நாளையில இருந்து பாப்பம் எண்டு விட்டன்." மீராமுகைதீன் தன்னுடைய இடது பாதத்தை மெல்ல வாங்குக்குக் கீழே இழுத்துக்கொண்டார். எழுபது பேருக்குக் காலையில் அறிவுரை எழுதுகிறவருக்கு அந்த மனிதரிடம் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

சீனி முன்னூற்றுப் பன்னிரண்டு. கஜேந்தினி அட்டையைக் கீழே வைத்தாள்.

"என்ன நடந்த ஐயா?"

அவர் சொன்னார். பாண் ஓட்டோ, மெட்டு, கடப்படி, தம்பிமுத்துவின் இயந்திரம் எல்லாவற்றையும் சொன்னார். பணிஸையும் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் கிம்புலா பணிஸா?"

"வெறு வயித்துல போடக்கூடாதெண்டு நீங்கதானே சொன்ன."

கஜேந்தினி குனிந்து அட்டையில் பணிஸ் என்று எழுதினாள். சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "வீட்டுல உங்கட குளிசையப் பாக்க ஆக்கள் இல்லயா?"

"மனிசி இரிக்கா. கைருன்னிஸா. மூணு நாள் பாண் வரல்லயெண்டதும் அவவும் விட்டுட்டா. அவக்கு இதுகள் விளங்காது, மிஸ்."

"கைருன்னிஸாவா? செவ்வாய்க்கிழமையில நதீரா எண்டவவோட வாற, சிவத்தப் பை கொண்டு வாறவவா?"

"ஓம். அவ முழங்கால் நோவுக்கு வாறவ."

"முழங்காலுக்கு இஞ்ச மருந்து இல்ல ஐயா. இது சீனிக் கிளினிக்" என்றாள் கஜேந்தினி. "ஆறு வருசமா வாறா. ஒரு கிளினிக்கும் விட்டதில்ல, ஒரு குளிசையும் விட்டதில்ல. புதுசா வாற பொம்பிளையளுக்கு அவட அட்டையத்தான் நாங்க எடுத்துக் காட்டுற."

அன்று மீராமுகைதீன் சரீபின் கடையில் இறங்காமல் நேரே வீட்டுக்குப் போனார். கைருன்னிஸா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நிலைப்படியில் நின்றார். அந்தக் குசினிக்குள் அவர் காலடி வைத்துப் பல மாதங்கள் இருக்கும்.

"ஒனக்குச் சீனியா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"அப்ராஸ்ட கலியாணம் நடந்த வருசம்."

"எனக்குச் சொல்லல்லியே."

"சொன்ன. நீங்க செய்தி பாத்துக்கிட்டு இருந்த. 'ம்' எண்டீங்க."

அவருக்கு அப்படி ஒன்று நினைவில் இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. அந்த 'ம்' அவருடையதுதான். முப்பத்தைந்து வருடங்களில் எத்தனையோ விடயங்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

"குளிசைய எங்க வச்சிரிக்கிற?"

அவள் கையைக்கூட எடுக்காமல் கண்ணால் காட்டினாள். மாப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜேம் போத்தல், கண்ணுக்கு நேரே, திறந்த இறாக்கையில் இருந்தது. உள்ளே வந்த எவரும் பார்த்திருக்கலாம்.

"எப்பிடி மறக்காமப் போடுற?"

"விடியச் சுபஹுக்குப் புறகு புட்டுக்குத் தேங்காய் திருவுவன். திருவி முடிஞ்ச கையோட போத்தல எடுத்து அடுப்படியில வைப்பன். புட்டு இறக்கினதும் ரெண்டு வாய் தின்னுட்டுப் போடுவன். அவ்வளவுதான்."

"ஆரு சொல்லித் தந்த?"

"ஆரும் சொல்லித் தரல்ல. வேலையோட வேலையாப் போடுறதுக்கு என்ன படிப்பு வேணும்?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் தலைகுனிந்து திருந்தியிருக்கலாம். மீராமுகைதீன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு கைபேசியை எடுத்தார். 'அன்பின் உறுப்பினர்களே, எனது மனைவி கடந்த ஆறு வருடங்களாக எமது கொளுவி முறையைப் பின்பற்றிச் சீனி வருத்தத்தை வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தி வருகின்றார் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றேன்' என்று எழுதி அனுப்பினார். எமது முறைக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐம்பத்துநான்கு பூக்கள் வந்தன.

குழுவில் இருந்த நதீரா அதை மதிலுக்கு மேலால் கைருன்னிஸாவுக்கு வாசித்துக் காட்டினாள். கைருன்னிஸா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அந்த நேரத்தில் ஓட்டோவும் சரியாகிவிட்டது. அடுத்த நாள் காலை மெட்டுக் கேட்டது. மீராமுகைதீன் கடப்படிக்கு வந்தார். கிளாசும் இல்லை, குளிசையும் இல்லை. உள்ளே போய்க் கேட்டார்.

"இனிக் கொண்டு வரமாட்டன்" என்றாள் கைருன்னிஸா. குரல் உயரவில்லை. "என்ட வருத்தத்த நான் பாக்கிறன். ஒங்கட வருத்தத்த நீங்க பாருங்க. ஒங்கட கொளுவி முறைக்கு நான் ஆணியில்ல."

அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாட்கள் வீட்டில் எவரோடும் பேசவில்லை, அதாவது அவளோடு பேசவில்லை. குளிசையும் போடவில்லை. குழுவில் பொறுமை பற்றி எழுதினார். இரண்டாம் நாள் பின்னேரம் இடது காலின் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. குனிந்து பார்த்தார், எறும்பு இல்லை. அக்கரைப்பற்றுக்காரருடைய ஒற்றைச் செருப்பு நினைவுக்கு வந்தது. அவருக்கு வந்த நினைவுகளிலேயே யாருடைய உதவியும் இல்லாமல் தானாக வந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பிப் படுக்காமல் உட்கார்ந்திருந்தார். குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. அது நின்றது. அவர் தன் குளிசை உறையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். இருப்பதற்கு ஒரு பலகைதான் இருந்தது. அதில் கைருன்னிஸா இருந்தாள். அவர் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

கேழ்வரகு என்கிற குரக்கனில் அவித்த புட்டு. நேற்றைய மீன்குழம்பு. அவள் காலையில் என்ன தின்கிறாள் என்பதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். தனக்கு எட்டு மணிக்கு மேசையில் வருவது வெள்ளை மாப் புட்டும் வாழைப்பழமும் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெள்ளைப் புட்டைக் கேட்டு வாங்கியவரும் அவர்தான்.

"எனக்கும் கொஞ்சம் வை."

அவள் வைத்தாள். இரண்டு வாய் தின்றதும் அவள் போத்தலைத் திறந்தாள். அவரும் உறையைக் கிழித்தார். இருவரும் குளிசையைப் போட்டுக்கொண்டார்கள். அவள் அவரைப் பாராட்டவுமில்லை, குத்திக் காட்டவுமில்லை. கோப்பையைக் கழுவி வைக்கும்படி மட்டும் சொன்னாள்.

அடுத்தடுத்த நாட்களும் அவர் அந்தச் சத்தத்துக்கு வந்தார். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். வந்தார் என்பதுதான் விடயம். கடப்படிப் பணிஸ் தானாக நின்றது. புட்டுத் தின்ற வயிற்றில் அதற்கு இடமில்லை. பின்னேரத்தில் கடல் வரைக்கும் நடந்தார். சரீபின் கடையைத் தாண்டும்போது மட்டும் அவருடைய நடையின் வேகம் குறையும். இரண்டு மாதத்தில் சீனி நூற்று நாற்பத்தெட்டுக்கு வந்தது. கஜேந்தினி "நல்லம் ஐயா. என்ன செய்த நீங்க?" என்று கேட்டாள். அவர் 'கொளுவி முறையின் இரண்டாம் கட்டம்' பற்றி விளக்கத் தொடங்கினார். அவள் அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த மாதம் அக்கரைப்பற்றில் அப்ராஸின் மாமியார் விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். மருமகளுக்குக் கைக்குழந்தை. உதவிக்கு ஒரு வாரம் போய் நிற்கிறேன் என்று கைருன்னிஸா சிவத்தப் பையோடு பஸ் ஏறினாள். போகும்போது குரக்கன் மா எந்தப் போத்தலில் இருக்கிறது என்று சொன்னாள். அவர் 'ம்' என்றார். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் போத்தல் எங்கே இருக்கிறது என்று திருப்பிச் சொன்னார்.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு நதீராவுக்குத் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, இழுத்து இழுத்து ஒரு சத்தம். அவள் மதிலால் எட்டிப் பார்த்து, "ராத்தா, வந்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

குசினி வாசலில் மீராமுகைதீன் திருவுபலகையில் குந்திக்கொண்டு இருந்தார். சாரம் முழுக்கத் தேங்காய்ப்பூ. ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது.

"நான்தான்" என்றார்.

நதீரா உதவிக்கு வரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். புட்டு ஒரு பக்கம் கல்லாகவும் மறு பக்கம் களியாகவும் இறங்கியது. இரண்டு வாய் தின்று, குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கைபேசியை எடுத்துக் கைருன்னிஸாவுக்கு அழைத்தார். நதீரா இன்னும் மதிலடியில்தான் நின்றாள். அவர் சுகம் விசாரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"மாவுக்கு எவ்வளவு தண்ணி தெளிக்கிற?" என்று கேட்டுவிட்டு, அவர் பென்சிலைத் தேடினார்.